ஐலண்ட் மேடைக்கு மின்சாரம்: டைல்ஸ் ஒட்டுவதற்கு முன் முடிவு செய்ய வேண்டியவை

கேள்வி: திருச்சிக்கு அருகே வீடு கட்டி வருகிறோம். பூச்சு வேலை முடிந்துவிட்டது. அடுத்த மாதம் டைல்ஸ் ஒட்டப்போகிறார்கள். சமையலறையின் நடுவில் 7 அடி நீளம், 3 அடி அகலத்தில், செங்கல் கட்டி மேலே கிரானைட் போட்டு ஐலண்ட் மேடை அமைக்க இருக்கிறோம். அதில் இண்டக்‌ஷன் அடுப்பு, மிக்ஸி, டேபிள் டாப் கிரைண்டர் மூன்றையும் வைத்துக்கொள்ள ஆசை. மறுபக்கம் ஸ்டூல் போட்டுச் சாப்பிடவும் இடம் வேண்டும். பிளக் பாயிண்டை மேடையின் பக்கவாட்டுச் சுவரில் வைத்தால் போதும் என்கிறார் எலக்ட்ரீஷியன். கல்லில் துளை போட்டு, தேவைப்படும்போது மேலே எழும்பி வரும் பாப்-அப் பெட்டி வைக்கலாம் என்கிறார் இன்டீரியர் வேலை செய்பவர். இப்போதைக்கு எதுவும் வேண்டாம், சுவரிலிருந்து எக்ஸ்டென்ஷன் போட்டுக்கொள்ளலாம் என்கிறார் கணவர். வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை இருக்கிறான், இன்வெர்ட்டரும் வைக்கப்போகிறோம். எது சரி? எந்த வயர் போட வேண்டும்?

— வாசகி, திருச்சி

அன்புள்ள சகோதரிக்கு,

டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்பே கேட்டிருக்கிறீர்கள். அதனால் நீங்கள் சொன்ன மூன்று வழிகளையும், அவற்றோடு நான் பரிந்துரைக்கப்போகும் நான்காவது வழியையும், எந்த நெருக்கடியும் இல்லாமல் சீர்தூக்கிப் பார்க்க முடிகிறது. சுவரையொட்டிய மேடை என்றால் பின்னாளில் சுவரில் காடி வெட்டிக்கூட ஒரு பாயிண்ட் கூட்டிக்கொள்ளலாம். நடுவில் தனித்து நிற்கும் மேடைக்கு மின்சாரம் தரை வழியாகத்தான் வந்தாக வேண்டும். தரை முடிந்த பிறகு அதைச் செய்ய வேண்டுமென்றால் டைல்ஸை உடைப்பதைத் தவிர வேறு வழி இருக்காது. ஆகவே பாயிண்ட் எங்கே வரப்போகிறது என்பது இன்னும் உறுதியாகாவிட்டாலும், தரைக்கடியில் பைப்பை இந்த மாதமே போட்டுவிடுங்கள்.

எக்ஸ்டென்ஷன் யோசனையை முதலில் ஒதுக்கிவிடலாம். உங்கள் இண்டக்‌ஷன் அடுப்பு 2000 வாட் என்று வைத்துக்கொண்டால், 230 வோல்ட்டில் அது கிட்டத்தட்ட 8.7 ஆம்பியர் இழுக்கும். கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் எக்ஸ்டென்ஷன் போர்டுகளில் பெரும்பாலானவை 6 ஆம்பியர் பிளக்கும் மெல்லிய வயரும் கொண்டவை. அவற்றில் அடுப்பை அரை மணி நேரம் ஓட்டினால் பிளக்கும் வயரும் சூடேறி, நாளடைவில் பிளாஸ்டிக் உருகும். அதோடு, சுவருக்கும் மேடைக்கும் இடையே நீங்கள் நடமாடும் வழியில், தண்ணீர் சிந்தும் தரையில், அந்த வயர் எந்நேரமும் கிடக்கும். சமைக்கிற இடத்தில், அதுவும் குழந்தை ஓடும் வீட்டில், இதை நான் ஒருபோதும் ஏற்க மாட்டேன். இதை உங்கள் கணவரிடம் அழுத்தமாகவே சொல்லுங்கள்.

இனி பைப்பைப் பற்றி. 25 மில்லிமீட்டர் விட்டமுள்ள கனமான பிவிசி பைப் இரண்டை, வீட்டுக்கு வரும் மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிபி பாக்ஸிலிருந்து சுவர் வழியாக இறக்கி, தரைக்கடியில் மேடை வரும் இடம் வரை கொண்டுபோகச் சொல்லுங்கள். ஒன்றில் இப்போதே வயர் போகட்டும், மற்றொன்று எதிர்காலத்துக்கு. காலியாக விடும் பைப்பில் ஒரு இழுவைக் கம்பியைப் போட்டு வைத்துவிட்டால், பிறகு எந்த வயரையும் அதில் கட்டி இழுத்துக்கொள்ளலாம். தரையிலிருந்து மேலே திரும்பும் இடத்தில் எல்போ போடக் கூடாது. நீண்ட வளைவுள்ள பெண்ட் போட்டால்தான் வயர் தடையில்லாமல் வரும். தரைக்குள் இணைப்பு இல்லாமல் முழு நீளப் பைப்பாகவே போவது நல்லது. தவிர்க்க முடியாத இடத்தில் சால்வென்ட் ஒட்டி நன்றாக இறுக்க வேண்டும். வயரைப் பொறுத்தவரை, தரைக்குள் எந்த இடத்திலும் ஜாயிண்ட் இருக்கவே கூடாது.

பலரும் கவனிக்காமல் விடும் ஓர் இடம் பைப்பின் வாய். நம் வீடுகளில் சமையலறைத் தரையை வாரம் ஒருமுறையாவது தண்ணீர் ஊற்றிக் கழுவுகிறோம். பைப்பின் முனை தரை மட்டத்தோடு வெட்டப்பட்டிருந்தால், அந்தத் தண்ணீர் நேராகப் பைப்புக்குள் இறங்கி, வெளியேற வழியில்லாமல் வயர்களைச் சுற்றி ஆண்டுக்கணக்கில் தேங்கி நிற்கும். எறும்பும் கூடு கட்டும். அதனால் பைப்பின் முனை, மேடையின் உட்புறம், முடிந்த தரையிலிருந்து குறைந்தது 6 அங்குலமாவது மேலே எழும்பி நிற்க வேண்டும். வயர் இழுத்த பிறகு வாயைச் சிலிகான் கொண்டு அடைத்துவிடச் சொல்லுங்கள்.

பைப் எழும்பும் இடத்தையும் கண்ணளவில் விடக் கூடாது. மேடையின் நான்கு மூலைகளையும் இரண்டு சுவர்களிலிருந்து அளந்து தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டு, மேடைச் சுவர் எந்த இடத்தில் எழும்புகிறதோ அதற்குள் பைப் வருகிறதா என்று கட்டுமான மேஸ்திரியையும் எலக்ட்ரீஷியனையும் ஒன்றாக நிற்கவைத்துப் பாருங்கள். மூன்று அங்குலம் விலகினாலும் பைப் நடைவழியில் முளைத்து நிற்கும். தரை மூடப்படுவதற்கு முன், அளவுநாடாவையும் சேர்த்து வைத்துப் புகைப்படம் எடுத்துக்கொள்ளுங்கள்; பிற்காலத்தில் யாராவது தரையில் துளை போட வரும்போது அந்தப் படம் தேவைப்படும்.

அடுத்து, பாயிண்ட் எங்கே என்ற முக்கியமான கேள்வி.

உங்கள் எலக்ட்ரீஷியன் சொல்லும் பக்கவாட்டு பாயிண்ட் செலவு குறைந்தது, வேலையும் எளிது. கல்லைத் தொட வேண்டியதில்லை. நாலரை அங்குலச் சுவரில் ஒரு பாக்ஸைப் பதித்தால் முடிந்தது. ஆயினும் உங்கள் வீட்டுக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன். மேடை மேல் உள்ள மிக்ஸியின் வயர் கல்லின் விளிம்பைத் தாண்டிக் கீழே தொங்கி, பிளக்கில் போய்ச் சேரும். அந்தத் தொங்கும் வயர் சரியாக இரண்டு வயதுக் குழந்தையின் கை எட்டும் உயரத்தில் இருக்கும். அவன் அதைப் பிடித்து இழுத்தால் மேலே இருப்பது மிக்ஸியானாலும் கொதிக்கும் கெட்டிலானாலும் அவன் மேல்தான் விழும். பெரியவர்கள்கூட நடக்கும்போது அதில் இடித்துக்கொள்வார்கள். இது என் தனிப்பட்ட பயம் மட்டும் அன்று. ஐலண்ட் மேடைகள் பரவலாக உள்ள அமெரிக்காவில், தேசிய மின் விதித்தொகுப்பு பல ஆண்டுகளாக அந்த மேடைகளில் பிளக் பாயிண்டைக் கட்டாயமாக்கி, உரிய நிபந்தனைகளுடன் மேடை மட்டத்திலிருந்து 12 அங்குலம் வரை கீழே வைப்பதையும் அனுமதித்து வந்தது. இப்படித் தொங்கும் வயர்களை இழுத்துக் குழந்தைகள் தீக்காயம் அடைந்த நிகழ்வுகளைக் கணக்கில் கொண்டு, 2023ஆம் ஆண்டுப் பதிப்பில் அந்தக் கட்டாயத்தை நீக்கினார்கள். வைப்பதானால் மேடை மட்டத்திலோ அதற்கு மேலோதான் வைக்க வேண்டும், கீழே வைக்கக் கூடாது என்றும் மாற்றினார்கள். இப்போது வைக்காதவர்கள் பின்னாளில் வைத்துக்கொள்ள ஏற்பாடு விட்டுவைக்க வேண்டும் என்பதும் அதே பதிப்பில் உண்டு. அந்த விதி நம்மைக் கட்டுப்படுத்தாது என்றாலும், அதற்கான காரணம் உங்கள் சமையலறைக்கும் அப்படியே பொருந்துகிறது.

பக்கவாட்டில் இன்னொரு குறையும் உண்டு. மேடையைத் துடைக்கும்போது தண்ணீர் கல்லின் விளிம்பில் வழிந்து, அடிப்பக்கமாகச் சுவரைப் பிடித்து இறங்கும். கல்லை ஓர் அங்குலமாவது வெளியே நீட்டி, அதன் அடியில் நீளவாக்கில் ஒரு காடி போட்டால் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். பக்கவாட்டில் ஏதாவது ஒரு பாயிண்ட் வேண்டுமென்று முடிவு செய்தால் இதைச் செய்யாமல் விடாதீர்கள். அதையும் போன் சார்ஜருக்கு மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பாப்-அப் பெட்டி பார்க்க அழகானது. வேண்டாதபோது கல்லோடு கல்லாக மறைந்துவிடும். ஆனால் நம் கடைகளில் அந்தப் பெயரில் விற்கப்படுபவற்றில் கணிசமானவை அலுவலக மேசைகளுக்காகச் செய்யப்பட்டவை. கணினிக்கும் சார்ஜருக்கும் போதுமான மெல்லிய வயருடன், 6 அல்லது 10 ஆம்பியர் அளவிலேயே அவை வருகின்றன. சமையலறைக்கென்றே செய்யப்பட்டதா, எத்தனை ஆம்பியர், தண்ணீருக்கு எவ்வளவு காப்பு என்ற மூன்றையும் பெட்டியின் மேல் அச்சிட்டிருப்பதைப் படித்துத்தான் வாங்க வேண்டும். ஐபி என்ற எழுத்துகளுக்குப் பின்னால் வரும் இரண்டாவது எண் தண்ணீருக்கானது. அது 4 என்றால் எந்தப் பக்கமிருந்து தெறிக்கும் நீரையும் தாங்கும் என்று பொருள். பல பெட்டிகளில் இந்தக் காப்பு மூடியிருக்கும்போது மட்டுமே உண்டு. மேலே எழுப்பி பிளக்கைச் செருகியிருக்கும்போது கிடையாது.

இங்கேதான் நம் சமையல் முறை குறுக்கே வருகிறது. இட்லிக்கு மாவு அரைத்து வழிக்கும்போது மேடை மேல் என்ன நடக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். உளுந்து மாவு பொங்கிச் சொட்டும்; கல்லைக் கழுவிய தண்ணீர் பரவும்; ஈரத்துணியால் இரண்டு மூன்று முறை துடைப்போம். அந்த மாவு பாப்-அப் பெட்டியின் வளையத்துக்கும் கல்லுக்கும் இடையே உள்ள இடுக்கில் இறங்கிக் காய்ந்து, சில மாதங்களில் பெட்டி ஏறாமல் இறங்காமல் சிக்கிக்கொள்ளும். ரப்பர் வளையம் கெட்டுவிட்டால் தண்ணீர் உள்ளேயே போகும். மேலும் பெட்டியின் உடல் கல்லுக்கடியில் ஓர் அடி அல்லது அதற்கு மேலும் இறங்குவதால், அந்த இடத்தில் இழுப்பறை வைக்க முடியாது. கல்லில் போடும் துளையும் விளிம்பிலிருந்தும் மற்ற வெட்டுகளிலிருந்தும் போதிய தூரம் தள்ளி இருக்க வேண்டும். இல்லையென்றால் கிரானைட் அங்கிருந்துதான் விரிசல் விடும். சாப்பிடும் பக்கத்தில் லேப்டாப்புக்கும் போனுக்கும் ஒரு நல்ல பாப்-அப் வைத்துக்கொள்வதில் எனக்கு மறுப்பில்லை. கிரைண்டருக்கும் இண்டக்‌ஷனுக்கும் அது வேண்டாம்.

மேற்கூரையிலிருந்து வயரைத் தொங்கவிடுவது பட்டறைகளுக்கு ஏற்றது. மின்விசிறி ஓடும் சமையலறையில் அதைப் பற்றிப் பேச வேண்டியதில்லை.

உங்களுக்கு நான் பரிந்துரைப்பது இரண்டு மட்ட மேடை. சமைக்கும் பக்கம் வழக்கம்போல 34 அங்குல உயரத்தில் இருக்கட்டும். ஸ்டூல் போடும் பக்கத்தில் ஒரு நாலரை அங்குலச் சுவரை இன்னும் 8 அங்குலம் உயர்த்தி, அதன் மேல் ஓர் அடி அகலக் கல்லை, சாப்பிடுபவர்களின் கால் உள்ளே போகும் அளவுக்கு வெளியே நீட்டிப் போடுங்கள். அந்தக் கல் 42 அங்குல உயரத்தில் வரும். உயரமான ஸ்டூலில் உட்கார்ந்து சாப்பிட அது சரியான அளவு. அந்த 8 அங்குலச் சுவரின் சமையல் பக்க முகத்தில், கீழ்க் கல்லிலிருந்து 3 அங்குலத்துக்குக் குறையாமல் மேலே, மாடுலர் பாக்ஸ்களைப் படுக்கைவாட்டில் பதிக்கலாம். பிளக்குகள் மேடைக்கு மேலேயே, உங்கள் கண்ணெதிரே இருக்கும். எந்த வயரும் விளிம்பைத் தாண்டாது. சாப்பிடும் பக்கமிருந்து குழந்தைக்கு ஸ்விட்ச் எட்டாது. கல்லில் ஓடும் தண்ணீரும் அந்த உயரத்துக்கு வராது. மேல்கல் ஒரு சிறிய கூரையாக நின்று, மேலே வைக்கும் தண்ணீர்க் குவளை கவிழ்ந்தாலும் ஸ்விட்ச் மேல் நேராக விழாமல் தடுக்கும். அதற்காக அந்தக் கல்லைச் சமையல் பக்கமும் ஓர் அங்குலம் நீட்டச் சொல்லுங்கள்.

இதில் நீங்கள் இழப்பது ஒன்று உண்டு. 7 அடிக்கு 3 அடி என்று ஒரே பரப்பாகக் கிடைக்கும் கல், சமையலுக்கு இரண்டு அடிக்குச் சற்று கூடுதலான அகலமாகக் குறைந்துவிடும். பார்வைக்கும் இரண்டாகப் பிரியும். இன்டீரியர் வேலை செய்பவர் இதை விரும்பாமல் போகலாம். ஒரே மட்டம்தான் வேண்டுமென்று நீங்களும் நினைத்தால், மேடையின் ஒரு முனையில் மட்டும் ஒன்றரை அடி நீளத்துக்கு அதே 8 அங்குலச் சுவரை எழுப்பி, பாயிண்ட்களையெல்லாம் அங்கே சேர்த்து, கிரைண்டரையும் மிக்ஸியையும் அந்த முனையிலேயே வைத்துக்கொள்ளலாம்.

இடம் குறிக்கும்போது கிரைண்டரிலிருந்து தொடங்குங்கள். மிக்ஸியை எங்கும் நகர்த்தலாம். கல்லோடு சேர்ந்த கிரைண்டரை ஒரு முறை வைத்தால் யாரும் தினமும் தூக்கப்போவதில்லை. அது நிற்கும் இடத்துக்கு அருகே ஒரு பாக்ஸ், இண்டக்‌ஷன் அடுப்புக்கு ஒரு பாக்ஸ் என்று இரண்டும் குறைந்தது இரண்டடி இடைவெளியில் இருக்கட்டும். அடுப்புக்கான பாயிண்ட் அடுப்பின் நேர் பின்னால் வரக் கூடாது. ஓர் அடி தள்ளி இருந்தால்தான் ஆவியும் எண்ணெய்த் தெறிப்பும் ஸ்விட்சில் படியாது, வயரும் சூடான பாத்திரத்தைத் தொடாது. மேடையில் சிங்க் இல்லை என்பது உங்கள் கடிதத்திலிருந்து புரிகிறது, அப்படியே இருக்கட்டும். கேஸ் சிலிண்டரை இந்த மேடைக்கடியில் வைக்கும் எண்ணம் இருந்தால் மட்டும் இப்போதே மாற்றிக்கொள்ளுங்கள். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேடைக்கடியில்தான் தேங்கும். ஸ்விட்ச் போடும்போது எழும் சிறு பொறியே அதற்குப் போதும்.

வயரைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மேடைக்கு டிபி பாக்ஸிலிருந்து இரண்டு தனித்தனி சர்க்யூட் வர வேண்டும். இண்டக்‌ஷனுக்கு 4 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரும் 16 ஆம்பியர் எம்சிபியும் (சுமை அளவு மீறினால் தானாக விழும் ஸ்விட்ச்) போதும், 2.5 சதுர மில்லிமீட்டரே இன்றைய சுமையைத் தாங்கும் என்றாலும், தரைக்குள் போகும் வயரில் சற்றுத் தாராளமாக இருப்பதே நல்லது. மிக்ஸி, கிரைண்டர், கெட்டில் மூன்றுக்கும் சேர்த்து 2.5 சதுர மில்லிமீட்டர் வயரும் மற்றொரு 16 ஆம்பியர் எம்சிபியும் வைக்கலாம். மிக்ஸி 750, கிரைண்டர் 150, கெட்டில் 1500 வாட் என்று மூன்றும் ஒரே நேரத்தில் ஓடினாலும் மொத்தம் 2400 வாட், அதாவது 10.4 ஆம்பியர்தான் வரும். மோட்டார் தொடங்கும்போது கூடுதல் மின்சாரம் இழுப்பதால் அந்த எம்சிபி சி வகையாக இருக்கட்டும். பிற்காலத்தில் கல்லில் பதிக்கும் நான்கு அடுப்பு இண்டக்‌ஷன் வாங்கும் எண்ணம் வந்தால் அது 7 கிலோவாட் வரை போகும். காலியாக விடச் சொன்ன இரண்டாவது பைப் அப்போது 6 சதுர மில்லிமீட்டர் வயருக்குப் பயன்படும்.

எலக்ட்ரீஷியன் வேலை செய்யும்போது நீங்கள் நேரில் பார்க்க வேண்டியது பாக்ஸின் உட்புறத்தைத்தான். டிபியிலிருந்து நல்ல தடித்த வயர் வந்து முதல் சாக்கெட்டில் சேரும். அங்கிருந்து அடுத்த சாக்கெட்டுக்கு லூப் கொடுக்கும்போது கையில் இருக்கும் 1.5 அல்லது 1 சதுர மில்லிமீட்டர் துண்டு வயரைப் போட்டுவிடுவது பல இடங்களில் நடக்கிறது. 16 ஆம்பியர் எம்சிபி அந்த மெல்லிய துண்டைக் காப்பாற்றாது. அது சூடேறிக் கருகும்வரை எம்சிபி விழாமலே இருக்கலாம். பாக்ஸுக்குள் இருக்கும் ஒவ்வொரு துண்டும் வந்து சேரும் வயரின் அளவிலேயே இருக்க வேண்டும், எர்த் வயர் உட்பட. சாக்கெட்டுகளை 6, 16 ஆம்பியர் பிளக் இரண்டும் ஏற்கும் வகையாக, துளைகளை உள்ளிருந்து மூடும் ஷட்டருடன் வாங்குங்கள். குழந்தை எதையாவது செருகப் பார்த்தால் அது தடுக்கும். உங்களுக்கு மூன்று பேஸ் இணைப்பு வருவதானால், இந்த மேடையின் இரண்டு சர்க்யூட்டையும் ஒரே பேஸில் கொடுக்கச் சொல்லுங்கள். இரண்டு வெவ்வேறு பேஸ்கள் ஒரே மேடையில் வந்தால் பக்கத்துப் பக்கத்துச் சாக்கெட்டுகளுக்கு இடையே சுமார் 400 வோல்ட் இருக்கும்.

எம்சிபி வயரைக் காப்பது. ஆளைக் காப்பது ஆர்சிசிபி. கிரைண்டரின் உடலில் மின்கசிவு ஏற்பட்டு, ஈரக்கையோடு நீங்கள் அதைத் தொட்டால், உங்கள் உடல் வழியாகப் போகும் மின்சாரம் எம்சிபி விழும் அளவில் மிகச் சிறிய பங்காகத்தான் இருக்கும். ஆனாலும் உயிரைப் பறிக்க அது போதும். 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி அந்தச் சிறு கசிவையே கண்டுகொண்டு நொடியின் சிறு பகுதிக்குள் மின்சாரத்தைத் துண்டிக்கும். வீடு முழுமைக்கும் ஒன்று இருந்தாலும், சமையலறைக்கெனத் தனியாக ஒன்று வைத்தால், கிரைண்டரில் பழுது வந்தாலும் மற்ற அறைகள் இருளாகாது. நீங்கள் இன்வெர்ட்டர் வைப்பதால் ஒரு கூடுதல் கவனம் தேவை: மேடையின் சர்க்யூட்டுகள் இன்வெர்ட்டரில் சேரக் கூடாது என்பதோடு, அவற்றின் நியூட்ரலும் இன்வெர்ட்டர் லைனின் நியூட்ரலோடு எங்கும் கலந்துவிடக் கூடாது. கலந்தால் ஆர்சிசிபி காரணமில்லாமல் அடிக்கடி விழும். தொல்லை தாங்காமல் யாராவது ஒருநாள் அதையே கழற்றி நேர் இணைப்புக் கொடுத்துவிடுவார்கள். அப்படிக் காப்பே இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கும் வீடுகள் நிறைய உண்டு.

கல் போட்டு மூடுவதற்கு முன், உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர் மூலம் 500 வோல்ட் மெகர் வைத்து, பேஸ், நியூட்ரல், எர்த் மூன்றுக்கும் இடையே உள்ள காப்புத்தடையை அளந்து எழுதித் தரச் சொல்லுங்கள். ஒரு மெகா ஓமுக்குக் கீழே வந்தால் வயரின் மேலுறை எங்கோ கிழிந்திருக்கிறது அல்லது பைப்பில் தண்ணீர் புகுந்திருக்கிறது என்று பொருள். அந்த நிலையில் மேஸ்திரியை மேற்கொண்டு வேலை செய்ய விடாதீர்கள். மின்சாரம் வந்த பிறகு ஆர்சிசிபியின் டெஸ்ட் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். அழுத்தியும் விழவில்லை என்றால் மாற்றும்வரை அந்த மேடையில் கிரைண்டரைப் போட வேண்டாம்.